பொம்மைக் கட்டைகளில் ஒரு தேயிலைக் கப்பல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லெகோ போன்ற பொம்மைக் கட்டைகளால் பழைய பாய்மரக் கப்பல் ஒன்றின் பெரிய மாதிரியைக் கட்டுவது பற்றி, ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துப் பாடசாலைக் கண்காட்சிகளில் மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். விடைகள் யாவும் ஒரே கப்பலை எடுத்துக்காட்டாகக் கொண்டவை. 1869இல் ஸ்கொட்லாந்தின் டம்பார்ட்டனில் நீரில் இறக்கப்பட்டு, இன்று இலண்டனின் கிரீனிச்சில் காட்சிக்கு நிற்கும் ‘கட்டி சார்க்’ தான் அது. ஓர் இடத்தில் சொன்னதை மற்றோர் இடத்தில் திரும்பச் சொல்லவில்லை என்பதால், புதிதாகத் தொடங்குபவர்கள் மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது.

பெரிய கப்பல் என்று எதைச் சொல்கிறீர்கள்? கடையில் பெட்டியோடு விற்பதைத்தானே?

இல்லை. பெட்டியில் வருவதும் நல்ல பயிற்சிதான். 2024இல் லெகோ வெளியிட்ட ‘எண்டியூரன்ஸ்’ கப்பலில் 3011 துண்டுகள் இருக்கின்றன, அதைப் பொறுமையாகக் கட்டி முடித்தவருக்குக் கை பழகிவிடும். ஆனால் இங்கே பேசப்படுவது, உண்மையான கப்பல் ஒன்றின் வரைபடத்தைப் பார்த்து, நீங்களே வடிவமைத்து, ஒரு மீற்றருக்கு மேல் நீளமாகக் கட்டும் மாதிரி. அதற்கு வழிகாட்டிப் புத்தகம் கிடையாது. எந்தத் துண்டு எங்கே போக வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கட்டி சார்க் தேயிலைக் கப்பல் என்கிறீர்களே, எங்கள் தோட்டத்துத் தேயிலையையா ஏற்றிப் போனது?

மலையகத்தில் இந்தக் கேள்வி வராத கண்காட்சியே இல்லை. விடை, இல்லை என்பதுதான். அந்தக் கப்பல் 1870களில் தேயிலைக்காகச் சென்ற எட்டுப் பயணங்களும் சீனத் தேயிலைக்கானவை. முதற்பயணத்தில் மட்டும் ஏறத்தாழ 13 இலட்சம் இறாத்தல் ஏற்றி வந்தது. அப்போது இலங்கையில் தேயிலை கைக்குழந்தை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். இலண்டனுக்குப் போன முதல் இலங்கைத் தேயிலை 1873இல் வெறும் 23 இறாத்தல். கோப்பியை அழித்த இலைத்துரு நோய் இங்கே கண்டறியப்பட்டதும், சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும், இந்தக் கப்பல் நீரில் இறங்கியதும் ஒரே ஆண்டில், 1869இல் நடந்தவை. பாய்மரக் கப்பல்கள் காற்றை நம்பி ஆபிரிக்காவைச் சுற்றியே போக வேண்டியிருந்தது. கால்வாய் வழியே நீராவிக் கப்பல்கள் குறுக்காகச் சென்றன. எங்கள் மூதாதையர் பறித்த கொழுந்து பெருந்தொகையாகக் கடல் கடந்த காலத்தில் அதைச் சுமந்தவை அந்த நீராவிக் கப்பல்களே.

அப்படியிருந்தும் இந்தக் கப்பலை நான் பரிந்துரைப்பதற்கு வேறு காரணம் உண்டு. கட்டி சார்க்கின் எலும்புக்கூடு இரும்பு, மேற்தோல் மரப்பலகை. பலத்தை எலும்புக்கூடு தாங்கியது, வடிவத்தைப் பலகை தந்தது. பொம்மைக் கட்டைகளால் பெரிய கப்பல் கட்டுவதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழியும் இதுவேதான். கீழே வரும் விடைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு கருத்திலிருந்து பிறந்தவை.

லெகோவேதான் வேண்டுமா? புறக்கோட்டையில் வாங்கும் மலிவுக் கட்டை போதாதா? அது களவாகாதா?

களவாகாது. லெகோ நிறுவனம் 1958 ஜனவரி 28இல் டென்மார்க்கில் விண்ணப்பித்த காப்புரிமை காலாவதியாகி நெடுங்காலம் ஆகிறது. கட்டையின் வடிவத்தையே வணிகக் குறியாகப் பதிய முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றமும் 2010இல் தீர்ப்பளித்தது, ஏனெனில் அந்த வடிவம் ஒரு தொழில்நுட்பப் பயனுக்கானது. லெகோவின் பெயரையும் இலச்சினையையும் பெட்டிப் படத்தையும் போலி செய்து விற்பது வேறு விடயம். அத்தகைய பெட்டிகளை வாங்காதீர்கள்.

தரம்தான் உண்மையான கேள்வி. மலிவுக் கட்டைகளில் சில இறுகப் பிடிக்கும், சில தொட்டாலே கழன்றுவிடும். வாங்கியதும் எட்டுப் பத்துக் கட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகி, ஒரு நுனியை மட்டும் பிடித்துக் கிடையாகத் தூக்கிப் பாருங்கள். வளையாமல் நின்றால் எலும்புக்கூட்டுக்கு ஆகும். தொங்கினால் உட்புறத்தை நிரப்ப மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெளித்தோலுக்கு ஒரே கடையில் ஒரே தடவையில் வாங்குங்கள், கறுப்பிலும் பல கறுப்பு உண்டு.

எந்த அளவிடையில் கட்டுவது?

முதலில் அளவிடையைத் தீர்மானித்துப் பிறகு கட்டை எண்ணுவது வழக்கம். நான் அதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன்: கப்பலின் மிக அகலமான இடம் எத்தனை குமிழ் (கட்டையின் மேல் துருத்தி நிற்கும் வட்டப் புடைப்பு) என்பதை முதலில் முடிவு செய்து, அளவிடையை அதிலிருந்து பெறுங்கள். கட்டையில் ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் உள்ள தூரம் 8 மில்லிமீற்றர். கட்டி சார்க்கின் அகலம் ஏறத்தாழ 11 மீற்றர். நடுப்பகுதிக்கு 22 குமிழ் கொடுத்தால் 176 மில்லிமீற்றர் வரும். அளவிடை ஏறத்தாழ 1:62. அந்த அளவிடையில் 64.8 மீற்றர் நீளமான உடல் 104 சென்ரிமீற்றராகவும், அதாவது 130 குமிழாகவும், முன்னே நீட்டி நிற்கும் மரத்தோடு சேர்ந்த முழு நீளம் 137 சென்ரிமீற்றராகவும், தளத்துக்கு மேல் நடுப்பாய்மரம் 74 சென்ரிமீற்றராகவும் அமையும். சாதாரண வரவேற்பறை மேசையில் இது நிற்கும்.

லயத்து அறையில் இடம் போதாதவர்கள் 14 குமிழ் அகலம் எடுக்கலாம். அது கிட்டத்தட்ட 1:100. உடல் 65 சென்ரிமீற்றர்தான் வரும். இரட்டைப்படை எண்ணையே தெரிவு செய்யுங்கள். அப்போது கப்பலின் முதுகெலும்பான ஏரா, இரண்டு குமிழ் அகலத்தில், நடுக்கோட்டில் சரியாக அமரும், இடமும் வலமும் ஒத்து வரும்.

எத்தனை கட்டை தேவை, எவ்வளவு செலவாகும்?

பொதுவான ஒரு தொகையைச் சொன்னால் அது உங்களைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகும், ஏனெனில் உள்ளே எவ்வளவு வெற்றிடம் விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை இரட்டிப்பாகலாம். நடுப்பகுதியில் எட்டுக் குமிழ் நீளமான ஒரு துண்டத்தை மட்டும் முழுமையாகக் கட்டி, அதிலுள்ள துண்டுகளை எண்ணி, 130 குமிழ் நீளமான உடலுக்குப் பதினாறால் பெருக்குங்கள். கப்பல் இரு முனைகளிலும் ஒடுங்குவதால், வரும் எண் உடலுக்கான உச்ச வரம்பாக இருக்கும். ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளில் வரைந்தால் அது தானாகவே எண்ணித் தரும்.

பழைய கட்டைகள் சில இடங்களில் கிலோ கணக்கில் விலைப்படும். எட்டுக் குமிழ்க் கட்டை ஒன்று ஏறத்தாழ 2.3 கிராம் என்பதை மனத்தில் வைத்தால் ஒரு கிலோவில் என்ன கிடைக்கும் என்பது புலப்படும். மத்திய கிழக்கிலோ கொழும்பிலோ வேலை செய்யும் உறவினர் ஊருக்கு வரும்போது சொல்லி அனுப்புவதானால், “லெகோ வாங்கி வாருங்கள்” என்று பொதுவாகச் சொல்லாமல், நிறமும் அளவும் எண்ணிக்கையும் எழுதிய பட்டியலைக் கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவு பெரிது வேண்டாம், எங்கள் நாட்டுக் கப்பல் ஏதாவது சிறிதாகச் செய்ய முடியாதா?

தாராளமாகச் செய்யலாம், செய்யவும் வேண்டும். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற, இரண்டு பாய்மரங்களைக் கொண்ட கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கினார். ‘ஃபுளோரன்ஸ் சி. ரொபின்சன்’ என்று பெயர் மாற்றப்பட்ட அது, 1938இல் மசசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதன் நீளம் 89 அடி. 1:40 அளவிடையில் கட்டினாலும் 68 சென்ரிமீற்றர்தான். முதல் முயற்சிக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தோன்றவில்லை. எங்கள் நாட்டுப் பெயர் தாங்கிய இன்னொரு கப்பல் வேண்டுமானால், 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட ‘எச்.எம்.எஸ். திருகோணமலை’ இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது.

கணினி இல்லாமல் திட்டம் போட முடியுமா?

முடியும். பாடசாலையில் பயன்படுத்தும் மில்லிமீற்றர் வரைபுத் தாள் போதும். ஆனால் சதுரக் கட்டங்களாகக் கோடு போடக் கூடாது. கட்டையின் அகலம் 8 மில்லிமீற்றர், பிளேட் எனப்படும் மெல்லிய துண்டின் உயரம் 3.2 மில்லிமீற்றர், மூன்று பிளேட் சேர்ந்தது ஒரு கட்டை. ஆகவே ஐந்து பிளேட்டின் உயரம் இரண்டு குமிழின் அகலத்துக்குச் சமம், இரண்டும் 16 மில்லிமீற்றர். தாளில் 16க்கு 16 சதுரம் ஒன்று போட்டு, அதைக் குறுக்கே இரண்டாகவும் நெடுக்கே ஐந்தாகவும் பிரியுங்கள். இந்தக் கட்டத்தில் வரைவது கட்டையில் அப்படியே வரும்.

1:62இல் நடுக்குறுக்குவெட்டு 176 மில்லிமீற்றர் என்பதால், 210 மில்லிமீற்றர் அகலமான ஏ4 தாளில் உண்மை அளவிலேயே அது அடங்கிவிடும். தாளை மேசையில் விரித்து அதன்மீதே கட்டைகளை அடுக்கிப் பார்க்கலாம். கணினியில் வரைபவர்கள்கூட இதை ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. திரையில் சரியாகத் தெரியும் வளைவு கையில் எப்படி இருக்கும் என்பது தாளில்தான் பிடிபடும்.

எங்கிருந்து தொடங்குவது? அணியத்தைக் கட்டினால்தானே கப்பல் போலத் தெரியும்?

அணியம், அதாவது கப்பலின் முன்முனை, அதன் அழகான பகுதி, அதனாலேயே எல்லோருக்கும் அங்கே கை போகிறது. ஆனால் அதன் ஒவ்வொரு கோணமும் நடுப்பகுதியின் அகலத்திலிருந்து பிறப்பது. முதலில் ஏரா. டெக்னிக் எனப்படும், பக்கவாட்டில் துளையுள்ள கட்டைகளை இரண்டு வரிசையாக, ஒரு வரிசையின் பொருத்து மற்ற வரிசையின் நடுவில் வரும்படி நீளமாகக் கோத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் மிக அகலமான இடத்தில் முதலாவது வங்கு, அதாவது விலா எலும்பு. அங்கிருந்து முன்னும் பின்னுமாக எட்டுக் குமிழுக்கு ஒரு வங்கு.

வங்கைப் பூட்டும் முறையில் ஒரு கணக்கு இருக்கிறது, அதைத் தெரிந்தவரின் கப்பலும் தெரியாதவரின் கப்பலும் தூக்கும்போதே வேறுபடும். ஒரு டெக்னிக் கட்டை, அதன்மேல் இரண்டு பிளேட், மீண்டும் ஒரு டெக்னிக் கட்டை என்று அடுக்கினால், கீழ்த் துளைக்கும் மேல் துளைக்கும் இடைத்தூரம் 9.6, 3.2, 3.2 சேர்ந்து 16 மில்லிமீற்றர் ஆகும். இது சரியாக இரண்டு குமிழ். ஆகவே துளையுள்ள சட்டம் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, மேலும் கீழும் ‘பின்’ எனப்படும் இணைப்பு ஆணியைச் செருகி அந்த அடுக்கைப் பூட்டிவிடலாம். குமிழின் பிடி மட்டும் தாங்கும் வங்கு நாளடைவில் பிரியும். இப்படிப் பூட்டிய வங்கு பிரியாது.

கட்டை எல்லாம் சதுரம், கப்பல் உடலோ வளைவு. எப்படி வளைக்கிறீர்கள்?

கட்டையை வளைப்பதில்லை, படிகளைச் சிறிதாக்குகிறோம். நேராக அடுக்கும்போது மிகச் சிறிய படியின் உயரம் ஒரு பிளேட், அகலம் ஒரு குமிழ். நடுவில் ஒற்றைக் குமிழ் மட்டும் உள்ள பிளேட்டை இடையில் வைத்தால் அகலப் படி அரைக் குமிழாக, 4 மில்லிமீற்றராகக் குறையும். உடலின் அடிப்பகுதிக்கு, நீர்மட்டத்துக்குக் கீழே, இந்த முறையோடு தலைகீழ்ச் சரிவுக் கட்டைகளும் சேர்ந்தால் போதுமானது.

நீர்மட்டத்துக்கு மேலே அது போதாது. அங்கே கப்பலின் பக்கம் கிட்டத்தட்ட செங்குத்து, கறுப்பு நிறம், வெளிச்சம் பட்டால் ஒவ்வொரு படியும் காட்டிக்கொடுக்கும். அதனால் பிளேட்டுகளைப் படுக்க வைக்காமல், குமிழ் வெளிப்பக்கம் பார்க்கும்படி நீளப் பலகைகளாகச் சேர்த்து, பக்கவாட்டுக் குமிழுள்ள கட்டைகள் வழியாக வங்குகளில் பொருத்த வேண்டும். மேலே, டைல் எனப்படும் குமிழில்லாத வழுவழுப்பான துண்டுகளை நீளவாக்கில் பதித்தால் மரப்பலகை வரிசை போலவே தோன்றும். முன்னே சொன்ன ஐந்துக்கு இரண்டு கணக்கு இங்கே மறுபடி கைகொடுக்கும், ஏனெனில் பக்கவாட்டில் திரும்பிய பலகை நிமிர்ந்த எலும்புக்கூட்டோடு இடைவெளியின்றிச் சேருவது அந்தக் கணக்கில்தான்.

அணியத்தை நோக்கி ஒடுங்கும் இடத்தில் பலகையைக் கீல் துண்டில் மாட்டுங்கள். கோணத்தை நீங்கள் அளக்கத் தேவையில்லை. அடுத்த வங்கின் அகலம் அதைத் தீர்மானிக்கும். பலகையின் முன்விளிம்பை அடுத்த பலகையோடு முட்டவிடாமல் சிறிது மேற்படியவிட்டால் இடைவெளி தெரியாது. நுனியில் ஆப்பு வடிவப் பிளேட்டுகள் வேண்டும், அவை இடம் வலம் என்று சோடியாகவே வாங்கப்பட வேண்டும். ஒரு பக்கம் முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, டோர்ச் ஒன்றை உடலோடு ஒட்டிப் பிடித்து முன்னிருந்து பின்னாக ஒளியை ஓட்டுங்கள். எங்கே நிழல் திடீரென்று தடிக்கிறதோ அங்கே ஒரு வங்கு அரைக் குமிழ் வெளியே நிற்கிறது என்று பொருள்.

அடிப்பக்கம் ஏன் பொன்னிறமாக இருக்கிறது?

செம்பும் நாகமும் கலந்த மன்ட்ஸ் என்ற உலோகத் தகடு அடிப்பலகை மீது அறையப்பட்டிருந்தது. கடற்புழு மரத்தைத் துளைக்காமலும், பாசியும் சிப்பியும் ஒட்டி வேகத்தைக் குறைக்காமலும் அது காத்தது. இரும்பு உடலில் நேரடியாக அத்தகைய தகட்டை அறைந்தால் கடல்நீரில் இரும்பு அரித்துப்போகும். இடையில் மரம் இருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று. பளபளக்கும் தங்க நிறக் கட்டை அரிதும் விலை கூடியதும் ஆகும். மங்கலான பொன்மஞ்சளோ இளம் பழுப்போ போதும்.

பசை போடலாமா? உள்ளே கம்பி வைப்பது ஏமாற்று இல்லையா?

பசை வேண்டாம். ஒட்டிய கப்பலைத் திருத்தவும் முடியாது, ஒடுங்கிய இடத்தில் உடைந்த ஒரு துண்டை மாற்றவும் முடியாது. கம்பியைப் பற்றிக் கட்டுபவர்களிடையே இரண்டு கருத்து உண்டு. கட்டையைத் தவிர வேறெதுவும் கூடாது என்போரை நான் மதிக்கிறேன். என் கருத்து, உடலில் கம்பி தேவையில்லை, பாய்மரத்தின் மேல்நுனியில் மட்டும் அனுமதிக்கலாம் என்பது. அங்கேயும் வைத்தால், காட்சியில் கேட்பவர்களிடம் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

நடுவில் தூக்கினால் இரு முனையும் தொங்குகிறது. கீழ்க்கட்டை நசுங்கிவிடுமா?

நசுங்காது. பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது நான்கு குமிழ்க் கட்டை ஒன்று ஏறத்தாழ 4240 நியூட்டன் விசையைத் தாங்கியது. 430 கிலோவை அதன்மேல் வைப்பதற்கு அது சமம். கட்டை அமுக்கத்துக்கு அஞ்சாது, இழுவைக்குத்தான் அஞ்சும். முனை தொங்கும்போது மேற்தளம் இழுபடுகிறது, குமிழ்கள் ஒன்றை விட்டு ஒன்று கழல்கின்றன. உண்மையான மரக்கப்பல்களையும் இதே நோய் வாட்டியது, நடுவை நீர் தூக்க முனைகள் தாழ்ந்து முதுகு வளைந்தது.

மருந்து இரண்டு. மேற்தளத்துக்குக் கீழே, ஏராவுக்கு இணையாக, இன்னொரு நீள டெக்னிக் வரிசை ஓட வேண்டும்; கீழும் மேலும் பூட்டப்பட்ட வங்குகளோடு அது ஒரு பாலச் சட்டமாகிவிடும். அடுத்து, தாங்கியை நடுவிலோ இரு நுனியிலோ வைக்காதீர்கள். ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளி, 104 சென்ரிமீற்றர் உடலுக்கு 21 சென்ரிமீற்றர் அளவில், இரண்டு தாங்கிகள் வையுங்கள். தூக்கும்போதும் கைகள் அந்த இடங்களிலேயே இருக்கட்டும்.

கிரகரி வாவியில் விட்டால் மிதக்குமா, மாமா?

சிறுவர்கள் கேட்கும் கேள்வி, ஆனால் நல்ல கேள்வி. மிதக்காது. கட்டைகளின் இடுக்கில் நீர் புகும், பிளாஸ்டிக்கின் அடர்த்தியும் நீரை விடச் சற்றுக் கூடியது. நீர் புகாமல் அடைத்தாலும், உயரமான பாய்மரங்களுக்கு ஈடாக அடியில் பாரம் இல்லாவிட்டால் சரிந்துவிடும். 1628 ஆகஸ்ட் 10இல் ஸ்டொக்ஹோம் துறைமுகத்தில் சுவீடன் மன்னரின் ‘வாசா’ என்ற போர்க்கப்பல், மேற்பாரம் மிகுந்ததால், முதற் பயணத்தில் ஏறத்தாழ 1300 மீற்றர் போனதும் காற்றில் சரிந்து மூழ்கியது. 1961இல் அதை வெளியே எடுத்தார்கள்.

பாய்மரம் நேராக நிற்பதில்லை. படத்தில் வேறு கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கிறது. அதை எப்படிச் செய்வது?

உண்மையான பாய்மரம் ஒரே மரமன்று. கீழ்மரம், நடுமரம், மேல்மரம் என்று மூன்று, ஒன்றின் தலையோடு அடுத்ததன் அடி சிறிது தூரம் சேர்ந்து நிற்கும். மாதிரியிலும் அப்படியே கட்டுங்கள். கீழ்மரத்துக்கு நான்கு குமிழ் உருளைக் கட்டைகளை அடுக்கி, நடுத்துளை வழியே டெக்னிக் அச்சுத்தண்டைச் செலுத்துங்கள். மிக நீளமான தண்டு 32 குமிழ், அதாவது 25.6 சென்ரிமீற்றர். அடுத்த மரத்தை அதன் நுனியில் குத்தி நிறுத்தாமல், சில குமிழ் தூரம் பக்கத்தில் சேர்த்துக் கட்டினால், பலவீனமாக இருக்க வேண்டிய பொருத்து மிகப் பலமான இடமாகிவிடும்.

சாய்வுக்கு, மரத்தின் அடியை ஏராவின் ஒரேயொரு துளையில் ஒற்றைப் ‘பின்’ கொண்டு மாட்டுங்கள், அப்போது அது முன்பின்னாக மட்டும் அசையும். தளத்தில் விடும் துளை முன்பின்னாக அரைக் குமிழ் தளர்வாக இருக்கட்டும். சாய்வைக் கயிறு பிடித்து நிறுத்தும்.

கயிறு கட்டக் கட்ட மரம் ஒரு பக்கமாக வளைகிறது. எந்த வரிசையில் கட்டுவது?

பக்கக் கயிறுகளை எப்போதும் சோடியாகக் கட்டுங்கள்: இடப்பக்கம் ஒன்று, உடனே வலப்பக்கம் ஒன்று. கீழ்மரங்களின் பக்கக் கயிறு முடிந்த பிறகு முன்கயிறு, அதற்கு எதிரான பின்கயிறு; பின்னரே நடுமரம், மேல்மரம். பறுவான்கள், அதாவது பாய் தொங்கும் குறுக்கு மரங்கள், கடைசியில் ஏறட்டும். கயிறு நேர்கோடாகத் தெரியும் அளவுக்கு இறுக்கம் போதும். கயிற்றை வெட்டிவிட்டாலும் மரம் விழாமல் நிற்க வேண்டும். கயிற்றை நம்பி நிற்கும் மரம் ஒரு முடிச்சு அவிழ்ந்தால் மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு விழும்.

மாலுமிகள் ஏறும் நூலேணிக்கு அச்சில் வார்த்த பிளாஸ்டிக் ஏணிகள் கிடைக்கும், ஆனால் இந்த அளவிடைக்கு அவற்றின் கண்கள் பெரியவை. அட்டையொன்றில் கோடு வரைந்து, அதைக் கயிறுகளுக்குப் பின்னால் நிறுத்தி, கோட்டுக்குக் கோடு குறுக்கு நூலை முடிந்து வாருங்கள். அலுப்பான வேலைதான். ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் செய்ய வேண்டாம், களைத்த கை இறுக்கிக் கட்டிவிடும்.

மழைக்காலத்தில் நூலெல்லாம் முறுக்கிக்கொண்டு, மாசியில் தொய்கிறது. என்ன செய்வது?

பருத்தி நூலாக இருக்கும். பருத்தி ஈரத்தை உறிஞ்சும்போது தடித்து நீளம் குறையும், காய்ந்தால் தளரும். தென்மேற்குப் பருவ மழையில் ஹட்டன், நுவரெலியாப் பக்கம் வாரக்கணக்கில் சுவர்கூட வியர்க்கும் காலத்தில், அந்த இழுவை பறுவானைக் கோணலாக்கப் போதுமானது. பொலியெஸ்டர் தையல் நூலுக்கு மாறுங்கள், அது ஈரத்தை அநேகமாக உறிஞ்சுவதில்லை. நூலைத் தேன்மெழுகுத் துண்டின்மேல் இழுத்து எடுத்தால் மயிர் பிரியாது, தூசியும் குறைவாகப் பிடிக்கும். மரத்தைத் தாங்கும் கயிறுக்குக் கறுப்பு, பாயை இயக்கும் கயிறுக்கு இளம்பழுப்பு என்று பிரித்துக்கொண்டால் பார்ப்பவருக்குக் கயிறுகளின் பணி விளங்கும்.

பாய்களைத் துணியில் தைக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. கிரீனிச்சில் நிற்கும் கப்பலே பாயில்லாமல்தான் காட்சி தருகிறது. வெறும் பறுவான்களும் கயிறும் தெரிவதில் ஒரு கம்பீரம் உண்டு. வைக்க விரும்பினால் மெல்லிய வெள்ளைத் துணியைத் தேநீரில் தோய்த்து மங்கலாக்குங்கள். ஆனால் எங்கள் ஊர் ஈரத்தில் துணியில் பூஞ்சணம் பிடிக்கும், எனவே கழற்றிக் காயவைக்கக்கூடியபடி கொக்கி போட்டு மாட்டுங்கள்.

தளத்தில் லெகோ மனிதர்களை நிறுத்தலாமா?

இந்த அளவிடையில் வேண்டாம். அந்த உருவம் 4 சென்ரிமீற்றர். 1:62இல் அது இரண்டரை மீற்றர் உயரமான மனிதனாகிவிடும். கப்பலே சிறிதாகத் தெரியும்.

வீட்டில் விறகடுப்பு. புகைக்கரி படிந்துவிடுகிறது. எப்படிக் கழுவுவது?

கயிறு கட்டிய கப்பலைக் கழுவ முடியாது, மென்மையான தூரிகையால் வாரமொரு முறை துடைப்பதே வழி. கயிறு கட்டுவதற்கு முன்பும், பழைய கட்டைகளை வாங்கிய உடனேயும், 40 பாகை செல்சியஸுக்கு மேற்படாத நீரில் சிறிது சவர்க்காரம் கலந்து கையால் கழுவுங்கள். அடுப்பருகே காயவைக்கக் கூடாது, சூடு பட்டால் பிளாஸ்டிக் கோணும். துவாயில் பரப்பி, காற்றோட்டமான இடத்தில் குமிழ் மேலே பார்க்க விட்டு, பாதி காய்ந்ததும் திருப்பிப் போடுங்கள். அடிக்குழாய்களில் தேங்கும் நீர்தான் கடைசியில் காய்வது.

கப்பலை அடுப்படியோடு சேராத சுவரில், யன்னல் வெயில் நேரே படாத இடத்தில் வையுங்கள். மலைநாட்டு வெயில் குளிராகத் தோன்றினாலும் அதன் புறஊதாக் கதிர் கடுமையானது, வெள்ளைக் கட்டை மஞ்சளாகும்.

கண்காட்சிக்குக் கண்டிவரை பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும். கயிறெல்லாம் கட்டிய பிறகு எப்படிப் பிரிப்பது?

முதல் நாளிலேயே பிரிப்பதற்காகத் திட்டமிட்டிருந்தால் மட்டுமே முடியும். உடலை அணியம், நடு, பின்பகுதி என்று ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர் நீளமான மூன்று பகுதிகளாகக் கட்டுங்கள். பகுதி சேருமிடத்தில் இரண்டு வங்குகள் முகத்தோடு முகம் நின்று நீண்ட பின்களால் பூட்டப்படட்டும். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு பாய்மரம் வருமாறு பிரிவுக் கோட்டைச் சற்று நகர்த்திக்கொள்ளலாம்.

கயிறுகளின் சிக்கலுக்குத் தீர்வு இது: பக்கக் கயிறுகளின் கீழ்நுனிகளை உடலில் நேரே கட்டாமல், உடலின் வெளிப்பக்கத்தில் பொருத்திய ஒரு நீளப் பலகையில் கட்டுங்கள். உண்மைக் கப்பல்களிலும் அத்தகைய பலகை உண்டு. அதைக் கழற்றினால் பாய்மரம், அதன் பக்கக் கயிறுகள், பலகைகள் எல்லாம் ஒரே தொகுதியாக மேலே வந்துவிடும். ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு ஓடும் கயிறுகள் மட்டுமே மிஞ்சும். அவற்றின் ஒரு நுனியில் கொக்கித் துண்டு வைத்துவிடுங்கள். கினிகத்தேனை வளைவுகளில் பஸ் எப்படி ஆடும் என்று தெரிந்தவர்கள் பெட்டிக்குள் வெற்றிடம் விட மாட்டார்கள். பழைய துணியை மரங்களுக்கிடையே செருகி, பெட்டியை மடியில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

வரைபடம் ஒன்று சொல்கிறது, கட்டை ஒன்று சொல்கிறது. எதைக் கேட்பது?

இந்த வேலையில் மிகக் கடினமான கேள்வி இதுவே. பெரும்பாலும் இது தளத்தில் எழும். கப்பலின் மேற்தளம் நேர்மட்டமன்று, நடுவில் தாழ்ந்து அணியத்தையும் பின்பகுதியையும் நோக்கி மெல்ல உயரும். அந்த உயர்வு 130 குமிழ் நீளத்தில் சில பிளேட் அளவே, ஆனால் அதை விட்டுவிட்டால் கப்பல் மரப்பெட்டி போல் விறைத்து நிற்கும். வரைபடத்தின் வளைவை அப்படியே பின்பற்றத் தளத்தை வளைத்துப் பூட்டினால், குமிழ்களில் நிரந்தர இழுவை ஏறி, மாதங்கள் கழித்துப் பிளேட்டுகள் வெடிக்கும்.

என் விதி இப்படி: வெளியிலிருந்து பார்க்கும்போது கண் தொடரும் கோடுகளில், அதாவது தளத்தின் விளிம்பு, கறுப்பும் பொன்னிறமும் சேரும் நீர்மட்டக் கோடு, அணியத்தின் முன்வளைவு ஆகியவற்றில் வரைபடத்தைக் கேளுங்கள். உள்ளே தெரியாத இடமெல்லாம் கட்டையைக் கேளுங்கள். தளத்தை ஒரு பிளேட் உயரப் படிகளாகக் கட்டி, படி விழும் இடங்களைத் தளத்துக் கொட்டகைகளுக்கும் ஏற்றுவாசல்களுக்கும் அடியில் மறைத்துவிடலாம். விளிம்புப் பலகையை மட்டும், முன்னே சொன்ன கீல் முறையில், உண்மையான வளைவில் ஓடவிடுங்கள். வரைபடத்தில் ஒரு அளவு கட்டைக்கு இரண்டு மில்லிமீற்றர் தவறினால் அந்தத் தவறை ஒரே இடத்தில் வைக்காமல், அருகிலுள்ள மூன்று நான்கு வங்குகளுக்குப் பகிர்ந்து கொடுங்கள். பிறகு டோர்ச்சை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.